மணியின் நாவைக் கட்டிய தேர்

விரைவு குணமா, குற்றமா என வினாவினால், இரண்டுமாம் என்றே விடை கூறவேண்டும். காலத்திற் சென்று உதவும் விரைவு குணம். பிறர் உயிர்க்கு ஊறு விளைக்கும் விரைவு குற்றம். இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் கோடு மயிரிழை போன்றது. அக்கோட்டின்மேற் சக்கரத்தை வைத்து ஓடுவதாகிய விளையாட்டு ஒன்று இக்காலத்தில் உலகெங்கும் நடைபெறுகின்றது. அதனை ராலி என்பர். இந்தியாவில் ஆண்டுதோறும் நிகழும் தேசிய கார் ராலிப் போட்டியின் பருவம் எவ்வாறு அமைகின்றது, அதனால் நாம் அறியத்தக்கது யாது என்பன பற்றி ஈண்டுச் சில கூறப் புகுகின்றேன்.

தமிழ் கற்பிப்பவனுக்கு மோட்டார்ப் போட்டியோடு என்ன உறவு என வாசகர் நகைத்தல் கூடும். முல்லைத்திணைச் செய்யுள்களைப் பாடஞ் சொல்லுகின்றவன் தேரை விட்டு விலக முடியாது. வினைமுடித்து மீளுந் தலைவன் தேரேறுகின்றான். கார்ப்பருவத்தில் மனையடைவதாகத் தலைவிக்குச் சொல் கொடுத்திருக்கின்றான். பாகனை நோக்கி, விரைந்து செலுத்துக என்கின்றான். குறித்த காலத்திற் சேரவேண்டும். இடையிலே காடும் மேடும் மணலும் நீரும் கிடக்கின்றன. பக்கத்திலே துணைவன் ஒருவன் இருக்கின்றான். ராலி என்னும் விளையாட்டின் உறுப்புக்களும் இவையே. ஆதலின் இப்பொருள் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

பெயரும் பிறப்பும்

ராலி என்பது பிரெஞ்சு மொழிவழி வந்த சொல். பிரிந்தோர் மீண்டும் ஒன்றுகூடுதல் என்பது அதன் அடிப்பொருள். 1911 ஆம் ஆண்டு சனவரி மாதம் நடந்த முதலாவது மொன்ரி கார்லோ ராலி இப்பெயர்க்கு ஏற்ற இலக்கியமாயிற்று. ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து 23 கார்கள் புறப்பட்டு மொனாக்கோ நாட்டில் வந்து கூடின. பாரிசிலிருந்து வந்த ஆன்றி ரூசியே என்பவர் வென்றார். அன்று வேகம் ஒன்றே அளவுகோலாக இருக்கவில்லை. வண்டி எந்நிலையில் வந்து சேர்ந்தது, ஏறிவந்தோர்க்கு அது எத்துணை வசதியாய் இருந்தது என்பனவும் மதிப்பிடப்பட்டன. உலக ராலிச் சம்பியன் போட்டி ஏற்பட்டது பின்னர், 1973 இலே.

களத்திலே வட்டமிட்டோடும் பந்தயத்துக்கும் ராலிக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிதல் வேண்டும். களப்பந்தயத்தில் எல்லாக் கார்களும் ஒருங்கே புறப்பட்டு ஒன்றையொன்று முந்த முயலும். ராலியில் அவை ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்த இடைவெளிவிட்டு அனுப்பப்படும். ஒவ்வொரு சாரதியும் கடிகாரத்தோடு போட்டியிடுகின்றார்.

ராலியின் வழியும் இருவகைப்படும். ஒன்று, பொதுமக்கள் புகாதவாறு அடைக்கப்பட்ட தனிப்பகுதி. அங்கே ஆற்றலுள்ள அளவும் விரையலாம். நேரம் விநாடியிற் பத்திலொரு கூறு வரை கணிக்கப்படும். மற்றையது, ஒரு தனிப்பகுதியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் இணைப்புவழி. அது எல்லார்க்கும் உரிய தெரு. அங்கே போட்டிக் காரும் பிற வண்டிகளைப் போலத் தெருச் சட்டத்துக்கு அடங்கியே செல்லவேண்டும். அவ்வழி முடிவிலுள்ள நேரக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் பிந்தி வந்தாலும் தண்டம். முந்தி வந்தாலும் தண்டம். முந்தினவனையும் தண்டிக்கும் இவ்விதியைக் கண்டபோது நான் வியந்தேன். விரைவுக்கும் இடம் உண்டு, எல்லை உண்டு என்பதை இவ்விளையாட்டின் சட்டமே ஒப்புக்கொள்ளுகின்றது அன்றோ!

இந்தியப் போட்டியின் பருவம்

இந்தியத் தேசிய ராலிச் சம்பியன் போட்டி 1988 இல் தொடங்கியது. நாட்டின் மோட்டார் விளையாட்டை ஆளும் கழகங்களின் சம்மேளனம் சென்னையிலேயே தலைமையகம் கொண்டுள்ளது. இது தற்செயலன்று. சென்னையில் 1953 இலேயே மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமொன்று சோழவரத்தில் எஞ்சிக் கிடக்க, அதனையே பந்தயக் களமாக்கி நெடுங்காலம் ஓடினர். பின்னர் ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் எழுந்தது. கோயம்புத்தூரோ இயந்திரத் தொழிலாளரின் ஊர். பந்தயக் கார்களை உள்ளூரிலேயே ஆக்கிய கரிவர்தன் அவ்வூரினர். தேசிய ராலியிற் புகழ்பெற்ற லீலாகிருஷ்ணனும் அவ்வூரினரே. 1946 இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கி ரயர்த் தொழிற்சாலையாக வளர்ந்த எம்.ஆர்.எப். நிறுவனம், ராலிக் குழுக்களைப் பேணுவதில் முன்னிற்கின்றது.

வென்றோர் நாட்டின் பல திசையினர். சண்டிகரைச் சேர்ந்த ஹரி சிங் ஐந்து முறை தேசியச் சம்பியனானவர். டில்லியினரான கௌரவ் கில், 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய பசிபிக் ராலிச் சம்பியன் பட்டத்தையும் வென்றார். இந்திய அரசின் அர்ஜுனா விருது 2019 இல் அவருக்கு வழங்கப்பட்டது. மோட்டார் விளையாட்டாளர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. இவர்களுக்கு முன்னரே கென்யாவில் வாழ்ந்த இந்திய வமிசத்தவர் இருவர், உலகில் மிகக் கடியதெனப்பட்ட கிழக்காபிரிக்க சபாரி ராலியிற் பெயர் நாட்டினர். ஜோகிந்தர் சிங் 1965, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் வென்றார். சேகர் மேத்தா 1973 இலும், 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறையும் வென்றார்.

ஒரு பருவத்திற் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு சுற்றுக்கள் இருக்கும். ஒவ்வொரு சுற்றும் ஒவ்வோர் ஊரில் நடைபெறும். புள்ளிகள் கூட்டப்பட்டுப் பருவ முடிவிற் சம்பியன் தெரிவுசெய்யப்படுவார். உலகப் போட்டியில் 2010 முதல் 2023 வரை முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15 எனப் புள்ளிகள் இறங்கிச் சென்றன. ஒரு சுற்றிலே மின்னலென ஓடி மறு சுற்றிலே மரத்தில் மோதி நிற்பவனைக் காட்டிலும், எல்லாச் சுற்றிலும் இரண்டாமவனாய் வந்து சேர்பவனே பருவ முடிவில் உயர்ந்து நிற்றல் கூடும். பருவம் என்னும் ஏற்பாடு நிதானத்துக்குக் கொடுக்கும் பரிசு இது.

இனி, சுற்றுக்கள் நடைபெறும் இடங்களைக் கவனித்தல் வேண்டும். கருநாடகத்துச் சிக்கமகளூரிற் போட்டிக் கார்கள் கோப்பித் தோட்டங்களின் உள்வழிகளிலே ஓடுகின்றன. கோயம்புத்தூர்ச் சுற்று நடைபெறும்போது கேத்தனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளுக்கிடையே செல்லும் மண்வழிகள் பயன்படுகின்றன. அழகிய காட்சிக்காக மட்டும் இவ்விடங்களைத் தெரிந்தார்கள் என்று கருதற்க. தோட்டத்துக்கும் காற்றாலைக்கும் உரிமையாளர் உண்டு, வாயில் உண்டு, காவல் உண்டு. அங்கே வழியை அடைத்தல் எளிது. ஊருக்குள் ஓடும் தெருவோ பால்காரனுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் ஆட்டுமந்தைக்கும் உரியது. மக்கள் நெருங்கி வாழும் நாட்டில் ஒரு தெருவை இரண்டு மணி நேரம் வெறிதாக்குதல் எத்துணை அரிது! ஆகவே, ஒரு பருவத்தின் வரைபடத்தை வகுப்பது வண்டியின் வலிமை மாத்திரம் அன்று. வழியை மெய்யாக அடைக்கக்கூடிய இடம் எங்கே கிடைக்கின்றது என்பதுமாகும்.

வழிக்குறிப்பு என்னும் சூத்திரம்

இவ்விளையாட்டிலே தமிழ் மாணாக்கர் விரும்பத்தக்க பகுதி ஒன்றுண்டு. ராலிக் காரில் இருவர் இருப்பர். ஒருவர் சாரதி, மற்றவர் துணைச்சாரதி. போட்டிக்கு முன்னே இருவரும் சாதாரண வேகத்தில் வழியைப் பார்வையிடுவர். சாரதி ஒவ்வொரு வளைவையும் சொல்ல, துணைச்சாரதி எழுதிக்கொள்வார். இரண்டாம் முறை செல்லும்போது எழுதியதை வாசித்துத் திருத்துவர். முதன்முறை ஏடெழுதுதல், இரண்டாம் முறை பாடஞ் சரிபார்த்தல் எனலாம். போட்டி நாளிலே துணைச்சாரதி அக்குறிப்பை வாசிக்க, சாரதி கண்ணாற் காணாத வளைவையும் செவியாற் கண்டு செலுத்துவார்.

அக்குறிப்பு எவ்வாறிருக்கும்? வளைவின் திசை, அதன் கூர்மையைக் காட்டும் எண், அடுத்ததற்குள்ள தூரம், மேடு பள்ளம், எச்சரிக்கை என்பன மட்டுமே இருக்கும். தமிழிற் சொல்வதாயின், "இடம் மூன்று, அறுபது, மேடு, வலம் ஐந்து, உள்ளே வெட்டாதே" என்பது போன்று அமையும். வினைமுற்று அருகும், அடைமொழி ஒன்றும் இராது. சூத்திர இலக்கணம் கூறும் பவணந்தி முனிவர், சிறிய கண்ணாடிக்குள்ளே பெரிய உருவம் அடங்குதலை உவமையாக்கினார். வழிக்குறிப்பும் அத்தகையதே. சிலவாகிய எழுத்திற் பலவாகிய பொருள் செறிந்து, பிழையின்றி, திட்பமுடையதாய் நிற்கவேண்டும். இலக்கணச் சூத்திரத்திற் பிழை நேர்ந்தால் உரையாசிரியர் திருத்துவர். வழிச்சூத்திரத்திற் பிழை நேர்ந்தாற் பள்ளம் திருத்தும்.

இக்கலையின் வரலாற்றிலே 1955 ஆம் ஆண்டு குறிக்கத்தக்கது. இத்தாலியில் ஆயிரம் மைல் தூரம் பொதுத்தெருக்களில் ஓடிய மில்லே மில்யா என்னும் பந்தயத்தில், ஸ்ரேர்லிங் மொஸ் என்பவருக்குத் துணையாக டெனிஸ் ஜெங்கின்சன் என்னும் பத்திரிகையாளர் அமர்ந்தார். ஏறத்தாழப் பதினெட்டடி நீளமான தாட்சுருளில் வழி முழுவதையும் எழுதி, உருளை பூட்டிய சிறு பெட்டியில் அடக்கிச் சுற்றிச் சுற்றி வாசித்தார். இயந்திர ஓசையிற் குரல் கேளாதாகையால் கைச்சைகையால் உணர்த்தினார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் அவர்கள் வென்றனர். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. வாசிப்பவனின் வலிமையை அன்று உலகம் கண்டது. காசர்கோட்டைச் சேர்ந்த மூசா ஷெரீப் முதலிய இந்தியத் துணைச்சாரதிகளும் அம்மரபினரே. ஓட்டியவனின் பெயரே ஊர்வாயில் நிற்கின்றது. ஓதியவனின் பெயரையும் உடன்வைத்து எண்ணுதல் முறை.

குறிப்பில் எழுதப்படாதவர்கள்

ஆயின் குறிப்பில் எழுதமுடியாதது ஒன்றுண்டு. வளைவு நேற்றிருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும்; மனிதர் அவ்வாறிரார். மில்லே மில்யாப் பந்தயத்தில் மொஸ் வென்ற இரண்டாண்டின் பின், 1957 இல், ஒரு கார் தெருவிட்டு விலகியது. அதிலிருந்த இருவரோடு, பார்த்து நின்ற ஒன்பது பேரும் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். அவ்வளவோடு அப்பந்தயம் வேகப்போட்டியாக நடைபெறுதல் ஒழிந்தது. 1986 இற் போர்த்துக்கல் ராலியிலே பார்வையாளர் மூவர் இறந்தனர். அவ்வாண்டிலேயே கோர்சிக்காவில் முன்னணிச் சாரதி ஒருவரும் அவர் துணைச்சாரதியும் எரிந்து மாண்டனர். அதன்பின் அளவிறந்த வலிமையுடைய அவ்வகுப்புக் கார்கள் உலகப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டன.

இந்தியப் போட்டியும் இதற்கு விலக்கன்று. 2019 ஆம் ஆண்டுப் பருவத்தின் மூன்றாஞ் சுற்று இராசத்தானத்தில் நடைபெற்றது. செப்டெம்பர் 21 ஆம் நாள், பார்மேர் மாவட்டத்தில், தனிப்பகுதிக்குள்ளே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்துவிட்டது. போட்டிக் கார் அதனோடு மோதியது. கணவன், மனைவி, அவர்தம் பிள்ளை என மூவர் இறந்தனர். அச்சுற்று நிறுத்தப்பட்டது. பிழை எவர்பாலது என ஆராய்தல் நீதிமன்றத்தின் கடமை. நான் நினைப்பது வேறொன்று. போட்டியாளருக்கு அன்று அது அடைக்கப்பட்ட தனிப்பகுதி; அம்மூவர்க்கோ அது தம் நாட்டு வழி. ஒரே நிலம் இருவர்க்கு இருவேறு பெயருடையதாய் இருந்தது. அப்பெயர் வேறுபாடே மூன்று உயிர்க்கு எமனாயிற்று.

நம் இலங்கையிலும் அண்மையில் ஒரு துயரம் நேர்ந்தது. 2024 ஏப்பிரல் 21 ஆம் நாள் தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்திலே, கார் ஒன்று களத்தை விட்டு விலகி மக்கள்மேற் பாய்ந்தது. எழுவர் இறந்தனர்; இருபதின்மருக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தோரில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும், காவற்பணி புரிந்த அலுவலர் நால்வரும் இருந்தனர். அது களப்பந்தயம், ராலி அன்று. எனினும் காண வந்தோர்க்கும் காக்க நின்றோர்க்கும் ஓடுகளத்துக்கும் இடையே எத்துணைத் தூரம் வேண்டும் என்னும் வினா இரண்டுக்கும் பொது.

இத்தகைய துயரங்களிலிருந்து கற்ற பாடங்களே இன்று இவ்விளையாட்டின் ஒழுங்குகளாக உள்ளன. முதற் போட்டிக் காருக்கு முன்னே சுழியம் என்னும் எண்ணிட்ட கார் ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு சென்று வழி வெறிதாயிற்றா என நோக்கும். இடையிடையே கொடியோடு காவலர் நிற்பர். வண்டி கவிழ்ந்தால், உள்ளிருப்போர் நலமாயின் அதனைக் காட்டும் பலகையையும், உதவி வேண்டுமாயின் வேறு பலகையையும் பின்வருவார்க்குக் காட்டவேண்டும். உதவி வேண்டுவோரைக் கண்டு நில்லாது செல்பவர் தண்டிக்கப்படுவார். சம்பியனின் பெயர் செய்தித்தாளில் வரும். சுழியக் காரை ஓட்டியவரின் பெயரோ, வெயிலிற் கொடி பிடித்து நின்றவரின் பெயரோ வருவதில்லை. ஆயினும் ஒரு பருவம் நன்றாய் முடிந்ததா என்பதற்கு இவர்கள் கணக்கே மெய்க்கணக்கு. கொடுத்த வழியை ஊரவரிடம் ஊறின்றித் திருப்பிக் கொடுத்தோமா என்பதே அக்கணக்கு.

நாவடங்கிய மணி

அகநானூற்றின் நான்காஞ் செய்யுள் முல்லைத்திணை. குறுங்குடி மருதனார் பாடியது. மழை பெய்து காடு பூத்திருக்கின்றது. தலைவன் குறித்த பருவம் வந்துவிட்டது. அவன் விரைந்து வருகின்றான். தேரிலே மணிகள் உண்டு. வழியிலுள்ள மலர்களிலே வண்டுகள் தேனுண்கின்றன. மணியொலி கேட்டால் அவை அஞ்சிக் கலங்கும் என எண்ணி, மணிகளின் நா ஒலியாதபடி கட்டிவிட்டுத் தேரைச் செலுத்துகின்றான். தலைவியை ஆற்றுவிக்கும் தோழி, அத்தகைய அருளுடையவன் உன்னை மறப்பானோ என்னும் குறிப்புப்படப் பேசுகின்றாள்.

இச்செய்யுளைக் கற்பிக்கும்போது மாணவர் எழுப்பக்கூடிய தடை ஒன்றுண்டு. மணி ஒலிப்பது வழியிலுள்ளாரை விலக்குவதற்கு அன்றோ, அதனைக் கட்டிவிட்டால் ஆபத்து மிகாதோ என்பது அத்தடை. நல்ல தடை. எனக்குத் தோன்றும் விடை இது. மணியை ஒலிக்கவிடுபவன், விலகும் கடமையைப் பிறர்மேற் சுமத்துகின்றான். மணியைக் கட்டியவன், காக்கும் கடமையைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளுகின்றான். ஒலி அடங்கிவிட்டபடியால் அவன் கண் விழித்திருக்கவேண்டும். பாகனின் கை கடிவாளத்தில் இறுகியிருக்கவேண்டும். அவன் விரைவைக் கைவிடவில்லை. குறித்த காலத்தையும் தவறவில்லை. விரைவின் சுமையை வழியிலுள்ள உயிர்கள்மேல் ஏற்றாமல் தானே தாங்கினான்.

இவ்விடத்தில் எங்கள் வேலணைத் தெருவை நினைக்கின்றேன். யாழ்ப்பாணத்துப் பண்ணையிலிருந்து கடலைக் கடந்து வரும் தாம்போதி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைக்கு வந்து, மேலும் ஒரு தாம்போதியால் புங்குடுதீவைச் சேர்ந்து, குறிகட்டுவான் துறையில் முடிகின்றது. நயினாதீவு நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் தரிசிக்கத் தெற்கிலிருந்தும் வருவோர் இவ்வழியாலேயே வருவர். துறையிலே படகு நேரத்துக்குப் புறப்படும். அதனைப் பிடிக்கவேண்டும் என்னும் ஆவலே வான்களுக்கும் பஸ்களுக்கும் நேரக் கட்டுப்பாட்டு நிலையமாகின்றது. தாம்போதியோ நேரியது, இருமருங்கும் நீர், எதிரே வருவது தூரத்திலேயே தெரியும். நேரிய தெருவைக் கண்டவுடன் எங்கள் இளைஞர் சிலருக்கும் கை முறுகுகின்றது. மோட்டார் சைக்கிள் சீறுகின்றது. ஆனால் அத்தெருவிலேயே கடற்றொழிலாளர் வலையோடு சைக்கிளிற் செல்கின்றனர்; மாலையில் மாடுகள் வெதுவெதுப்பான தாரிற் படுத்துக் கிடக்கின்றன; பள்ளி விட்ட பிள்ளைகள் மூவர் நால்வராய்க் கதைத்துக்கொண்டு வருகின்றனர். அவர்களை நோக்கிப் பின்னாலிருந்து நெடிய ஹோர்ன் ஒலி எழுகின்றது. வழி விடு என்பதே அவ்வொலியின் பொருள். நாக் கட்டப்படாத மணி அது.

ராலியின் இலக்கணப்படி நோக்கினால், எங்கள் தீவுப்பகுதியில் தனிப்பகுதி என்பது எங்கும் இல்லை. பண்ணை முதற் குறிகட்டுவான் வரை யாவும் இணைப்புவழியே. இணைப்புவழியிற் சம்பியனும் சட்டத்துக்கு அடங்கியே செல்கின்றார். தொழில்முறையாக மிக விரைந்து ஓட்டக் கற்றவரே பொதுத்தெருவில் அடங்கிச் செல்லவேண்டியிருக்க, ஓட்டக் கற்று ஓராண்டும் நிரம்பாதவர் அங்கே தம் ஆற்றலைக் காட்ட முற்படுதல் பேதைமை. ஆர்வமும் திறமையும் உள்ள இளைஞர்க்கு வழி அடைக்கப்படவேண்டும் என்பது என் கருத்தன்று. அவர்கள் முறையான கழகத்திற் சேர்ந்து, தலைக்கவசம் தரித்து, காவலர் நிற்கும் அடைத்த களத்திலே கடிகாரத்தோடு போரிடட்டும். அங்கே சுழியக் கார் ஒலியெழுப்பிச் செல்லட்டும். ஊர்த்தெருவிலே மணியின் நாக் கட்டப்பட்டிருக்கட்டும்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அகநானூற்றின் அச்செய்யுளைப் பாடஞ் சொல்லும்போது தலைவனின் அருளுடைமை என்று ஒரு வரி எழுதுவித்து நிறுத்திவிடாதீர்கள். மாணவர்களை வகுப்பின் யன்னலருகே அழைத்து வெளியே செல்லும் தெருவைக் காட்டுங்கள். இவ்வழியில் வண்டுகள் யாவர், அவர்கள் எந்த நேரத்தில் எங்கே இருப்பர் என்று கேட்டு ஒரு வழிக்குறிப்பு எழுதச் சொல்லுங்கள். வளைவுகளைக் குறிக்கும் முன்னே, பள்ளி வாயிலையும் கோயில் வீதியையும் மாடு படுக்கும் இடத்தையும் அவர்கள் குறிக்கட்டும். இன்னும் சில ஆண்டுகளில் வண்டியின் கைபிடி அவர்கள் கையில் வரும்போது அக்குறிப்பு நினைவிருக்கும்.